செத்த கோப்பைத் தேடும் விண்டோஸ்: ஸ்பைவேரை நீக்கிய பிறகு வரும் பிழைச் செய்திகளைச் சரிசெய்வது எப்படி?

ஆன்டிவைரஸை ஓட்டியாயிற்று. பிடிபட்ட ஸ்பைவேர் (உளவு பார்க்கும் மென்பொருள்) எல்லாம் நீங்கிவிட்டதாகப் பச்சைக் குறியும் வந்துவிட்டது. கணினியை மறுபடி திறந்தால் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. தலைப்பில் ‘ரன்டிஎல்எல்’ என்று இருக்கிறது. உள்ளே வாயில் நுழையாத ஒரு கோப்புப் பெயர், அதன் கீழே ‘தி ஸ்பெசிஃபைட் மாட்யூல் குட் நாட் பி ஃபவுண்ட்’. ஓகே அழுத்தினால் போய்விடுகிறது. மறுநாள் காலை திரும்ப வருகிறது.

பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இது பாதி வேலை நன்றாக முடிந்ததற்கு அடையாளம். ஸ்பைவேர் கணினிக்குள் நுழையும்போது இரண்டு காரியம் செய்கிறது. தன் கோப்பை ஏதோ ஒரு ஃபோல்டரில் ஒளித்து வைக்கிறது. கணினி திறக்கும்போதெல்லாம் அந்தக் கோப்பை ஓட்டும்படி விண்டோஸிடம் ஒரு குறிப்பையும் எழுதி வைக்கிறது. ஆன்டிவைரஸ் கோப்பை அழித்துவிட்டது, குறிப்பை விட்டுவிட்டது. விண்டோஸுக்கு நல்லது கெட்டது தெரியாது. எழுதியிருக்கிறதே என்று தினமும் தேடிப்போய், இல்லாததைக் கண்டு முறையிடுகிறது.

ஆகவே நாம் அழிக்க வேண்டியது அந்தக் குறிப்பை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, காணாமல்போன டிஎல்எல் கோப்பை (மற்ற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் துண்டு) இணையத்தில் தேடித் தரவிறக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அப்படிக் கோப்பு தரும் தளங்களுக்கும் குறைவில்லை. செத்த திருடனுக்கு வாடகைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது போன்ற வேலை அது. இன்னொரு தவறும் உண்டு. பெட்டியின் தலைப்பில் ‘ரன்டிஎல்எல்’ என்று இருப்பதைப் பார்த்து, சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள ரன்டிஎல்எல்32 என்ற கோப்பை அழிக்கப் போவார்கள். அது விண்டோஸின் சொந்தக் கோப்பு. டிஎல்எல் கோப்பு தானாக ஓடாது, அதை ஓட்டிவிடுவதற்கான வண்டிதான் ரன்டிஎல்எல்32. வண்டியில் ஏறியவன் திருடன் என்பதற்காக வண்டியைக் கொளுத்தக் கூடாது.

தொடங்குமுன்

முதலில், ஸ்பைவேர் உண்மையிலேயே போய்விட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். உயிரோடு இருக்கும் ஸ்பைவேர், நீங்கள் அழிக்கும் குறிப்பை அடுத்த நிமிடமே திரும்ப எழுதிவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்’ பகுதியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போனால் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். கணினி மறுதொடக்கம் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுமுன்பே சோதனை நடக்கும். ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளத் தெரிந்த ஸ்பைவேரும் இதில் அகப்பட வாய்ப்புண்டு. திறந்திருக்கும் வேலைகளை முன்கூட்டியே சேமித்துவிடுங்கள்.

இரண்டாவதாக, பிழைப் பெட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கோப்புப் பெயரும், அது எந்த ஃபோல்டரில் இருந்ததாகச் சொல்கிறது என்பதும் முழுதாகத் தெரிய வேண்டும். இனிச் செய்யப்போகும் தேடல் முழுவதும் அந்தப் பெயரை வைத்துத்தான்.

மூன்றாவது, ஒரு ரெஸ்டோர் பாயிண்ட். ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட்’ என்று தட்டினால் வரும் சாளரத்தில், சி டிரைவுக்கு எதிரே ‘ஆன்’ என்று இருக்கிறதா பாருங்கள். பல கணினிகளில் ஆஃப் ஆகவே கிடக்கும். ‘கான்ஃபிகர்’ அழுத்தி ஆன் செய்துவிட்டு, ‘கிரியேட்’ அழுத்திப் பெயர் கொடுங்கள். கை தவறி எதையாவது அழித்துவிட்டால் திரும்பி வர இதுதான் வழி. ஸ்பைவேர் இருந்த நாள்களில் உருவான பழைய ரெஸ்டோர் பாயிண்ட்களுக்கு மட்டும் போகாதீர்கள், துரத்திய ஆளை அழைத்து வந்தது போலாகும்.

பெட்டி என்ன சொல்கிறது?

எல்லாப் பிழைப் பெட்டியும் ஒன்றல்ல. எது வருகிறது என்பதைப் பார்த்தாலே குறிப்பு எங்கே இருக்கும் என்பதைப் பாதி யூகித்துவிடலாம்.

ரன்டிஎல்எல் பெட்டியில் ‘ஸ்பெசிஃபைட் மாட்யூல்’ காணவில்லை என்று வந்தால், குறிப்பு ரெஜிஸ்ட்ரியின் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் இடம்) ‘ரன்’ பகுதியிலோ, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரிலோ இருக்கும். அதே பெட்டியில் ‘மிஸ்ஸிங் என்ட்ரி’ என்றோ, ‘மாட்யூல்’ இருந்த இடத்தில் ‘புரொசீஜர்’ என்றோ வந்தால் நிலைமை வேறு. கோப்பு அங்கேயே இருக்கிறது, உள்ளே தேடிய பகுதிதான் இல்லை என்று பொருள். அப்படியானால் சுத்தம் செய்யும் வேலை இன்னும் முடியவில்லை, ஸ்கேனுக்குத் திரும்புங்கள்.

‘விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’ என்ற தலைப்பில், ஸ்கிரிப்ட் கோப்பைக் காணோம் என்று வந்தால் அது விபிஎஸ் அல்லது ஜேஎஸ் வகைக் கோப்பு. பென் டிரைவில் உள்ள ஃபோல்டர்களை எல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிவிடும் வைரஸை நீக்கிய பிறகு அடிக்கடி வருவது இது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துத் திரும்பும் பென் டிரைவ்களுக்கு இது பழகிய நோய். அதே குடும்பத்தைச் சேர்ந்தது ‘ஆட்டோஇட் எரர், லைன் 0’ என்று தொடங்கும் பெட்டி. ஆட்டோஇட் என்பது முறையான நிரல்மொழிதான். அதை வைத்து வைரஸ் எழுதியவர்கள், கண்டுகொள்ளாமல் இருக்கட்டும் என்று கூகுள் போன்ற பெயரைக் கோப்புக்குச் சூட்டிவிடுவார்கள். பெட்டியில் கூகுள் பெயரைப் பார்த்து குரோமை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுவதால் பயன் இல்லை.

‘குட் நாட் லோட் ஆர் ரன்’ என்று தொடங்கி, ‘ஸ்பெசிஃபைட் இன் தி ரெஜிஸ்ட்ரி’ என்று தொடர்ந்தால் குறிப்பு இருக்கும் இடம் ஏறக்குறைய நிச்சயம். கீழே ரெஜிஸ்ட்ரி பகுதியில் சொல்கிறேன்.

எல்லாப் பெட்டிக்கும் ஸ்பைவேர் காரணம் என்றும் நினைத்துவிடாதீர்கள். லாஜிஎல்டிஏ என்ற டிஎல்எல் காணவில்லை என்று ஒரு பெட்டி பல ஆண்டுகளாகப் பலரைத் துரத்துகிறது. அது லாஜிடெக் மவுஸ், கீபோர்டுகளோடு வரும் தரவிறக்க உதவியாளரின் கோப்பு. நீக்கும் முறை என்னவோ ஒன்றுதான், பதற்றம் மட்டும் தேவையில்லை. கோப்பின் இருப்பிடம் இங்கே நல்ல துப்பு. யூசர்ஸ் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, டெம்ப், சி டிரைவில் நேராக உள்ள புரோகிராம்டேட்டா போன்ற இடங்களில் இருந்து, பெயரும் அர்த்தமில்லாத எழுத்துக் கோவையாக இருந்தால் ஸ்பைவேர் சந்தேகம் வலுக்கிறது. புரோகிராம் ஃபைல்ஸில் தெரிந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அரைகுறையாக நீக்கிய மென்பொருளாக இருக்கலாம்.

எப்போது வருகிறது என்பதும் துப்புதான். கடவுச்சொல் கொடுத்து உள்ளே போனதும் ஒருமுறை மட்டும் வந்தால் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். மணிக்கொருமுறையோ, தினமும் குறித்த நேரத்திலோ வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், டாஸ்க் ஷெட்யூலருக்குப் போங்கள்.

எளிய இடங்களிலிருந்து தொடங்குவோம்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 10-இல் ‘ஸ்டார்ட்அப்’ என்ற தாவல், 11-இல் இடப்பக்கம் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’. விண்டோஸ் 7-இல் இந்தப் பட்டியல் எம்எஸ்கான்ஃபிக் சாளரத்தில் இருக்கும். பெயர்களை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. பட்டியலின் தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து ‘கமாண்ட் லைன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ஒவ்வொன்றும் எந்தக் கோப்பை அழைக்கிறது என்று தெரியும். உங்கள் படத்தில் உள்ள பெயர் அதில் இருந்தால், அந்த வரியில் வலது கிளிக் செய்து ‘டிஸேபிள்’ கொடுங்கள். மறுதொடக்கம் செய்து பாருங்கள். பெட்டி நின்றுவிட்டால் வேலை முடிந்தது.

இந்தப் பட்டியலில் ஐகான் இல்லாமல் வெறுமனே ‘புரோகிராம்’ என்று ஒரு வரி இருந்தால் உடனே வைரஸ் என்று முடிவு கட்டாதீர்கள். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்ற பெயரின் நடுவில் இடைவெளி இருக்கிறதல்லவா? குறிப்பை எழுதிய மென்பொருள் மேற்கோள்குறி போட மறந்தால், விண்டோஸ் இடைவெளிவரை மட்டும் படித்துவிட்டு அதையே பெயராகக் காட்டும். பெரும்பாலும் நீக்கப்பட்ட ஏதோ மென்பொருளின் எச்சம்தான்.

அடுத்து ஸ்டார்ட்அப் ஃபோல்டர்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, ‘ஷெல்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் ‘ஸ்டார்ட்அப்’ என்று எழுதி என்டர் தட்டுங்கள். உங்கள் கணக்குக்கான ஃபோல்டர் திறக்கும். முக்காற்புள்ளிக்குப் பிறகு ‘காமன் ஸ்டார்ட்அப்’ என்று இரண்டு சொல்லாக எழுதினால் எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டர். அங்கே நீங்கள் வைக்காத ஷார்ட்கட் இருந்தால் வலது கிளிக், ‘புராபர்ட்டீஸ்’, ‘டார்கெட்’ பாருங்கள். ஷார்ட்கட் வைரஸின் எச்சங்கள் அதிகம் தங்குவது இங்கேதான்.

டாஸ்க் ஷெட்யூலர்

டாஸ்க் மேனேஜரில் எதுவுமே இல்லை, ஆனால் பெட்டி வருகிறது என்று குழம்புகிறவர்களில் பலருக்கு விடை இங்கே இருக்கும். ஷெட்யூலரில் உள்ள குறிப்புகளை டாஸ்க் மேனேஜர் காட்டாது.

ஒரு நிஜ எடுத்துக்காட்டு. கண்டூயிட் என்ற டூல்பார் பத்தாண்டுகளுக்கு முன் இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு எண்ணற்ற கணினிகளில் புகுந்தது. உலாவியின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிடும். அதை நீக்கியவர்களுக்கு மறுநாளே ரன்டிஎல்எல் பெட்டி வந்தது: ஆப்டேட்டாவுக்குள் லோக்கல், அதற்குள் கண்டூயிட், அதற்குள் ‘பேக்ரவுண்ட்கன்டெய்னர்’ என்ற டிஎல்எல் காணவில்லை என்று. நீக்கும் கருவிகள் ஃபோல்டரை அழித்திருந்தன. ஷெட்யூலரில் ‘பேக்ரவுண்ட்கன்டெய்னர் ஸ்டார்ட்அப் டாஸ்க்’ என்ற ஒற்றை வரி மட்டும் மிஞ்சியிருந்தது. அதை நீக்கியதும் பெட்டி நின்றது. இன்று வரும் எச்சங்களில் பெயர்கள் வேறு, அமைப்பு இதேதான்.

ஸ்டார்ட் மெனுவில் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்று தேடித் திறங்கள். இடப்பக்கம் ‘டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி’யை ஒருமுறை கிளிக் செய்தால் நடுவில் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியாகத் தொட்டு, கீழே உள்ள ‘ஆக்‌ஷன்ஸ்’ தாவலைப் பாருங்கள். அங்கே உங்கள் கோப்புப் பெயர் இருக்கும் வரிதான் குற்றவாளி. ‘டிரிகர்ஸ்’ தாவலில் எப்போது ஓடும் என்று இருக்கும். பெட்டி வரும் நேரத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். பிறகு வலப்பக்கம் ‘எக்ஸ்போர்ட்’ அழுத்தி ஒரு நகல் சேமித்துவிட்டு, ‘டிஸேபிள்’ செய்யுங்கள். இரண்டு நாள் பெட்டி வரவில்லையென்றால் ‘டெலீட்’.

‘மைக்ரோசாஃப்ட்’ என்ற உள்ஃபோல்டருக்குள் விண்டோஸின் சொந்தப் பணிகள் டஜன் கணக்கில் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் அங்கே கை வைக்க வேண்டாம்.

ஆக்‌ஷன்ஸில் பவர்ஷெல் அல்லது எம்எஸ்ஹெச்டிஏ என்று தொடங்கி, அதன்பின் புரியாத எழுத்துகள் நீண்டு போகும் வரி தென்பட்டால் கொஞ்சம் நில்லுங்கள். அதற்குத் தனிக் கோப்பே தேவையில்லை. இணையத்திலிருந்து நேராக எடுத்து ஓட்டும் உயிருள்ள ஸ்பைவேராக இருக்க வாய்ப்பு அதிகம். கணினி திறந்ததும் ஒரு கறுப்புச் சாளரம் கண் சிமிட்டும் நேரத்தில் வந்து மறைந்தால் காரணம் இப்படி ஒரு வரியாக இருக்கலாம். அதை டிஸேபிள் செய்துவிட்டு, இணைய இணைப்பைத் துண்டித்து, ஆஃப்லைன் ஸ்கேனை மறுபடி ஓட்டுங்கள்.

ரெஜிஸ்ட்ரி

ஸ்டார்ட் மெனுவில் ‘ரெஜிஸ்ட்ரி எடிட்டர்’ என்று தேடித் திறங்கள். இடப்பக்கம் மஞ்சள் ஃபோல்டர்களாகத் தெரிபவற்றைக் ‘கீ’ என்பார்கள். வலப்பக்கம் வரிவரியாக இருப்பவை ‘வேல்யூ’. நாம் அழிப்பது எப்போதும் வலப்பக்கத்தில் ஒரே ஒரு வரியை. இடப்பக்கக் கீயை முழுதாக அழித்தால் நல்ல மென்பொருள்களின் குறிப்புகளும் சேர்ந்து போய்விடும். இங்கே ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்ற கேள்வியும் வராது, அழித்தது அந்தக் கணமே போய்விடும். அதனால் கை வைக்குமுன் அந்தக் கீயில் வலது கிளிக் செய்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். தவறு நேர்ந்தால் அந்தக் கோப்பை இருமுறை கிளிக் செய்தால் போனது திரும்பிவிடும்.

ஹெச்கீ கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், ரன். முதலில் பார்க்க வேண்டிய பாதை இது. அடுத்து ஹெச்கீ லோக்கல் மெஷின் என்று தொடங்கி அதே பாதை. 64 பிட் விண்டோஸில், லோக்கல் மெஷினின் சாஃப்ட்வேருக்குக் கீழே ‘வாவ்6432நோட்’ என்று ஒரு கீ உண்டு, அதற்குள்ளும் இதே பாதையில் இன்னொரு ‘ரன்’ இருக்கும். 32 பிட் மென்பொருள்கள் எழுதும் குறிப்புகள் அங்கே போய்ச் சேரும். மூன்று இடத்திலும் ‘டேட்டா’ நெடுவரிசையைப் படித்து, உங்கள் கோப்புப் பெயர் உள்ள வரியை மட்டும் நீக்குங்கள்.

‘குட் நாட் லோட் ஆர் ரன்’ பெட்டி வந்தவர்கள் கரண்ட் யூசரில் மைக்ரோசாஃப்ட் வரை வந்து, ‘விண்டோஸ்’ என்பதை விட்டு ‘விண்டோஸ் என்டி’க்குள் போக வேண்டும். கரண்ட்வெர்ஷன், பிறகு மறுபடி விண்டோஸ். அங்கே ‘லோட்’ அல்லது ‘ரன்’ என்ற வரியில் காணாமல்போன கோப்பின் பெயர் உட்கார்ந்திருக்கும். இவை விண்டோஸ் 3 காலத்திலிருந்து தொடரும் பழைய வாசல்கள். இன்று முறையான மென்பொருள் எதுவும் வழக்கமாக இவற்றைத் தொடுவதில்லை.

பெயர் தெரிந்தும் இடம் தெரியவில்லையென்றால் கண்ட்ரோல், எஃப் அழுத்திக் கோப்புப் பெயரைத் தேடலாம். அடுத்தடுத்த முடிவுகளுக்கு எஃப்3. கிடைப்பதையெல்லாம் அழிக்க வேண்டியதில்லை. அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல் போன்ற இடங்களில் பெயர் கிடந்தால் அது எதையும் ஓட்டுவதில்லை.

ஆட்டோரன்ஸ்

மேலே சொன்ன இடங்களை எல்லாம், இன்னும் பல மடங்கு இடங்களோடு சேர்த்து, ஒரே சாளரத்தில் காட்டும் இலவசக் கருவி ஆட்டோரன்ஸ். மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் நடத்திய சிஸ்இன்டர்னல்ஸில் பிறந்தது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டதால், இன்று மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலேயே கிடைக்கிறது. வேறு எங்கிருந்தும் எடுக்காதீர்கள். இத்தனையும் ஒரே கருவியில் முடியுமென்றால் முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றலாம். பட்டியல் அத்தனை நீளம், முதல்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இடங்கள் பழகிய பிறகு திறந்தால்தான் என்ன பார்க்கிறோம் என்று புரியும்.

1. ஜிப் கோப்பைப் பிரித்து, ஆட்டோரன்ஸ்64 என்பதில் வலது கிளிக் செய்து ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுங்கள். சாதாரணமாகத் திறந்தால் சில வரிகளை நீக்க அனுமதி கிடைக்காது.

2. எல்லாவற்றையும் படித்து முடிக்க சற்று நேரமாகும். கீழே ‘ரெடி’ என்று வரும்வரை எதையும் தொடாதீர்கள்.

3. ‘ஃபைல்’ மெனுவில் ‘சேவ்’ கொடுத்து இப்போதைய நிலையைச் சேமியுங்கள். பின்னாளில் ‘கம்பேர்’ மூலம் புதிதாக எது முளைத்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

4. மேலே உள்ள தேடல் கட்டத்தில் பிழைப் பெட்டியில் இருந்த பெயரின் ஒரு துண்டைத் தட்டுங்கள். ‘எவ்ரிதிங்’ தாவலில் தொடர்புள்ள வரிகள் மட்டும் மிஞ்சும்.

5. வரியின் தொடக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். டிக்கை எடுப்பது குறிப்பை ஓரமாக ஒதுக்கி வைப்பது மட்டும்தான், திரும்ப டிக் போட்டால் பழையபடி ஆகிவிடும். ஒரு வாரம் எந்தக் கோளாறும் இல்லையென்றால் வலது கிளிக், ‘டெலீட்’.

மஞ்சள் நிற வரிகளுக்கு ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று பொருள். நமக்கு வேண்டிய வகை இதுதான். அதற்காக மஞ்சளாக உள்ள எல்லாவற்றையும் வாரி எறியக் கூடாது. தூய்மையான விண்டோஸிலும் சில மஞ்சள் வரிகள் இருப்பதுண்டு, அவை யாருக்கும் தொல்லை தருவதில்லை. இளஞ்சிவப்பு வரி என்றால் நிறுவனத்தின் சரிபார்க்கப்பட்ட கையொப்பம் இல்லை என்று அர்த்தம். சந்தேகிக்கலாம், தீர்ப்புச் சொல்ல அது மட்டும் போதாது. ‘டிரைவர்ஸ்’ தாவலில் மட்டும் யூகத்தின்மேல் எதையும் எடுக்காதீர்கள். தேவையான டிரைவர் ஒன்றின் டிக்கை எடுத்தால் கணினி எழாமலே போகலாம்.

‘ஆப்ஷன்ஸ்’ மெனுவில் ‘ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்’ போட்டால் பட்டியல் சுருங்கும். தேடிய பெயர் கிடைக்காவிட்டால் அதை எடுத்துவிட்டு மறுபடி தேடுங்கள், மைக்ரோசாஃப்டின் சொந்த வண்டியில் ஏறி வரும் வரிகள் சில வேளை மறைந்துவிடக்கூடும். வீட்டில் பலருக்குத் தனித்தனிக் கணக்கு இருந்தால், ‘யூசர்’ மெனுவில் பெட்டி யாருக்கு வருகிறதோ அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். அப்பாவின் கணக்கில் தேடிக்கொண்டு மகளின் கணக்கில் வரும் பெட்டியை நிறுத்த முடியாது.

உள்ளே போகவே முடியாதபோது

கடவுச்சொல் கொடுத்ததும் வெறும் கறுப்புத் திரை, அதன்மேல் ‘விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’ பெட்டி மட்டும். டெஸ்க்டாப் இல்லை, ஸ்டார்ட் மெனு இல்லை. ஸ்பைவேர் இங்கே ‘ரன்’ கீயை விட்டுவிட்டு விண்டோஸின் வாசற்கதவிலேயே தன் பெயரை எழுதியிருக்கிறது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரை வரவழையுங்கள். ‘ரன் நியூ டாஸ்க்’ மூலம் எக்ஸ்ப்ளோரரை ஓட்டினால் டெஸ்க்டாப் வரும். அதே வழியில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன், வின்லாகன் வரை செல்லுங்கள். வலப்பக்கம் இரண்டு வரிகளைப் பாருங்கள். ‘ஷெல்’ என்பதில் எக்ஸ்ப்ளோரர் எக்ஸி கோப்பின் பெயர் மட்டும் இருக்க வேண்டும். ‘யூசர்இனிட்’ என்பதில் சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள யூசர்இனிட் எக்ஸி கோப்பின் முழுப் பாதையும், கடைசியில் ஒரு காற்புள்ளியும் இருக்கும். அந்தக் காற்புள்ளி எழுத்துப்பிழை என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். ஸ்கிரிப்ட் பெயர் ஒட்டியிருந்தால் வரியை இருமுறை கிளிக் செய்து திருத்துங்கள். இந்த இரண்டு வரிகளையும் திருத்தலாம், நீக்கக் கூடாது.

இதே யூசர்இனிட் வரியால் எக்ஸ்பி காலத்தில் இன்னொரு வேடிக்கை நடந்தது. ஒரு ஸ்பைவேர் யூசர்இனிட் இருந்த இடத்தில் தன் கோப்பின் பெயரை முழுதாக எழுதிக்கொண்டது. நீக்கும் கருவி கோப்பை மட்டும் அழித்தது. பயனர் கடவுச்சொல் கொடுத்து நுழைந்ததும் விண்டோஸ் உடனே வெளியே தள்ளிவிடும். மறுபடி நுழைந்தாலும் அதேதான். அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடிலும் தப்ப முடியாது.

அந்த நிலை வந்தால் வெளியிலிருந்துதான் திருத்த வேண்டும். நுழைவுத் திரையில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். ‘டிரபிள்ஷூட்’, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, ‘கமாண்ட் பிராம்ப்ட்’. டிரைவைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புக் குறியீடு கேட்கும், கையில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புச் சாளரத்தில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரின் கட்டளைப் பெயரான ‘ரெஜ்எடிட்’டைத் தட்டி என்டர். இப்போது கண்ணில் படுவது மீட்புச் சூழலின் ரெஜிஸ்ட்ரி, உங்களுடையது அல்ல. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஹெச்கீ லோக்கல் மெஷினைத் தேர்ந்தெடுத்து, ‘ஃபைல்’ மெனுவில் ‘லோட் ஹைவ்’ கொடுத்து, உங்கள் விண்டோஸ் இருக்கும் டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் ஃபோல்டருக்குள் உள்ள ‘சாஃப்ட்வேர்’ என்ற கோப்பைத் திறங்கள். மீட்புச் சூழலில் அந்த டிரைவ் சி என்று இல்லாமல் டி என்றும் தெரியலாம். ஏதாவது ஒரு பெயர் கொடுத்தால் அந்தப் பெயரில் ஒரு கீ தோன்றும். அதற்குள் மைக்ரோசாஃப்டிலிருந்து வின்லாகன் வரை போய்த் திருத்துங்கள். டிரைவ் எழுத்து இங்கே எப்படித் தெரிந்தாலும், வரியில் எழுதுவது சி என்றே இருக்கட்டும். முடித்ததும் அந்தக் கீயைத் தேர்ந்தெடுத்து ‘அன்லோட் ஹைவ்’ கொடுத்துவிட்டு வெளியேறுங்கள்.

கோப்பு இருந்தும் ‘காணவில்லை’ என்றால்

டாஸ்க் மேனேஜரையோ ஆன்டிவைரஸையோ திறந்தால், ‘விண்டோஸ் கேனாட் ஃபைண்ட்’ என்கிறது. ஃபோல்டரில் போய்ப் பார்த்தால் கோப்பு கல்லுக் குண்டாக இருக்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது ‘இமேஜ் ஃபைல் எக்ஸிக்யூஷன் ஆப்ஷன்ஸ்’ என்ற கீ, மேலே சொன்ன வின்லாகனுக்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். நிரலாளர்கள் பிழை தேடுவதற்காக மைக்ரோசாஃப்ட் வைத்த வசதி: இந்த மென்பொருளைத் திறந்தால் முதலில் அந்த டீபக்கரை ஓட்டு என்று அங்கே எழுதலாம். ஸ்பைவேர் தன் பெயரை டீபக்கராக எழுதி வைக்கிறது. அது அழிந்த பிறகு விண்டோஸ் தேடிக் காணாதது டீபக்கரை, ஆனால் புகார் சொல்வது நீங்கள் திறந்த மென்பொருளின் பெயரில். திறக்க மறுக்கும் மென்பொருளின் பெயரில் உள்ள கீக்குள் ‘டீபக்கர்’ என்ற வரியை மட்டும் நீக்குங்கள். ஆட்டோரன்ஸில் இவை ‘இமேஜ் ஹைஜாக்ஸ்’ தாவலில் வரும். புராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியை டாஸ்க் மேனேஜருக்குப் பதிலாக நீங்களே வைத்திருந்தால் அதுவும் இங்கே தெரியும், அது நல்ல வரி.

எந்த மென்பொருளைத் திறந்தாலும் ‘எதைக் கொண்டு திறக்க?’ என்று கேட்டால் எக்ஸி கோப்புகளுக்கான இணைப்பே உடைந்திருக்கிறது. போலி ஆன்டிவைரஸ்கள் விரும்பிச் செய்த வேலை இது. கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், கிளாஸஸ் கீக்குள் புள்ளியோடு தொடங்கும் எக்ஸி என்ற கீ இயல்பாக இருக்காது. இருந்தால் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு நீக்கலாம். அதோடு, ஹெச்கீ கிளாஸஸ் ரூட்டில் எக்ஸிஃபைல், ஷெல், ஓப்பன், கமாண்ட் வரை போனால் ‘டிஃபால்ட்’ வரியில் "%1" %* என்று மட்டும் இருக்க வேண்டும்.

விசைகளைப் பதிவு செய்யும் கீலாகரை நீக்கிய பிறகு கீபோர்டே வேலை செய்யவில்லையா? மவுஸைக் கொண்டு, நுழைவுத் திரையின் மூலையில் உள்ள அணுகல் வசதி ஐகானிலிருந்து திரைக் கீபோர்டைத் திறந்து உள்ளே போங்கள். ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கண்ட்ரோல்செட், கண்ட்ரோல், கிளாஸ். உள்ளே எண்களும் எழுத்துகளும் கலந்த நீண்ட கீகளில், ‘கிளாஸ்’ வரியில் கீபோர்டு என்று உள்ளதைக் கண்டுபிடியுங்கள். அதன் ‘அப்பர்ஃபில்டர்ஸ்’ வரியைத் திறந்தால் ‘கேபிடிகிளாஸ்’ என்ற பெயரோடு அழிந்த கீலாகரின் பெயரும் இருக்கும். கீலாகரின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். கேபிடிகிளாஸையும் சேர்த்து எடுத்தால் கீபோர்டு உயிர்பெறாது.

பெட்டி எதுவும் வராமல் இணையம் மட்டும் நின்றுபோயிருந்தால், ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, ‘பிராக்ஸி’ பாருங்கள். மேனுவல் பிராக்ஸி ஆன் ஆகி 127.0.0.1 (உங்கள் கணினியையே குறிக்கும் முகவரி) என்று இருந்தால், ஸ்பைவேர் உங்கள் இணையப் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பிவிட்டிருந்தது என்று பொருள். அதை ஆஃப் செய்யுங்கள்.

மறுபடி வந்தால்

எல்லாம் செய்தும் பெட்டி திரும்ப வந்தால் முதலில் கோப்புப் பெயரைப் படத்தோடு ஒப்பிடுங்கள். பெயர் வேறென்றால் இது இரண்டாவது எச்சம். ஒரே ஸ்பைவேர் மூன்று நான்கு இடங்களில் குறிப்பு எழுதியிருப்பது சாதாரணம். பெயரும் அதே, நீங்கள் நீக்கிய வரியும் அதே இடத்தில் மறுபடி முளைத்திருக்கிறது என்றால் எழுதுகிறவன் இன்னும் உள்ளே இருக்கிறான். குறிப்புகளை அழித்துக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, வேறொரு நிறுவனத்தின் ஸ்கேனரைக் கொண்டு முழுச் சோதனை செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஆவணங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டு விண்டோஸைத் திரும்ப நிறுவுவதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டுங்கள் என்று எதற்கெடுத்தாலும் சொல்பவர்கள் உண்டு. அது சிதைந்த விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் கருவி. மேலே சொன்ன எந்தக் குறிப்பையும் அது தொடாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்று விற்கப்படுபவையும் வேண்டாம், ஒரு வரியை நீக்கப் போய் நூறு வரிகளைக் கலைத்துவிடும்.

இடையில் எப்போதும் ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தே சோதியுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து திறந்தால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி காரணமாக விண்டோஸின் ஒரு பகுதி பழைய நிலையிலிருந்தே எழுந்திருக்கும்.

பெட்டி நின்ற பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்பைவேர் இருந்த நாள்களில் அந்தக் கணினியில் தட்டிய மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள். மின்னஞ்சலை முதலில் மாற்றுங்கள், மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வந்து சேரும். மாற்றியதும் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். திருடப்பட்ட உலாவிக் குக்கீகளை (நீங்கள் உள்ளே நுழைந்திருப்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் சிறு குறிப்புகள்) வைத்து, கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைந்தவர்களையும் அது வெளியேற்றும்.